அருவியில் நின்றால் அலாரம் கேட்குமா?

தென்காசிக்கும் சென்னைக்கும் 600 கிலோமீட்டருக்கு மேல் தூரம். டெலிபோனில் பேசினால் நொடிப் பொழுதில் குரல் அங்கே போய்ச் சேருகிறது.

ஒருவர் கையில் ஒட்டியிருக்கும் சிறு கருவிக்கும், அவர் இடுப்பில் இருக்கும் டெலிபோனுக்கும் இரண்டே அடி தூரம். அந்த இரண்டு அடியைத் தாண்ட முடியாமல் சில நேரம் செய்தி நின்றுவிடுகிறது!

நடுவில் மறிப்பது எது?

அவருடைய உடம்பேதான்!

வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? ஆனால் இது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும் குடும்பங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

கையில் ஒரு வில்லை

இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 10 கோடியே 10 லட்சம் பேர்! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வு, 2023-ம் ஆண்டில் இந்தக் கணக்கை வெளியிட்டது.

ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அறிய, விரலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பது வழக்கம். இப்போது இன்னொரு வழியும் வந்திருக்கிறது.

மேல் கையின் பின்புறத்தில் நாணயம் போன்ற ஒரு வில்லையை ஒட்டிக்கொள்கிறார்கள். அதன் அடியில் மயிரிழை போன்ற ஒரு மெல்லிய கம்பி உண்டு. அது தோலுக்குள் சிறிதளவு இறங்கி, அங்குள்ள நீரில் சர்க்கரை எவ்வளவு என்று அளக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை, இரவும் பகலும் அளந்துகொண்டே இருக்கிறது.

அளந்த கணக்கைக் கம்பியில்லாமல் டெலிபோனுக்கு அனுப்புகிறது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கினால் டெலிபோனில் அலாரம் அடிக்கிறது. வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ கூட அந்தச் செய்தி போகும்படி செய்யலாம்.

நாடித் துடிப்பை எண்ணும் கைக்கடிகாரம், காது கேட்கும் கருவி, பாட்டுக் கேட்கும் இயர்போன் எல்லாம் இந்த ரகம்தான். உடம்பில் இருந்தபடியே இவை ஒன்றோடு ஒன்று பேசுகின்றன. பேசுவதற்குப் பயன்படுவது ரேடியோ அலை. பெரும்பாலானவை 'புளூடூத்' என்ற முறையில் பேசுகின்றன.

உடம்பு ஒரு தண்ணீர்க் குடம்

வளர்ந்த மனிதனின் எடையில் 100-க்கு சுமார் 60 பங்கு தண்ணீர்தான். தசையில் இன்னும் அதிகம். 100-க்கு 75 பங்கு தண்ணீர். அதுவும் உப்புக் கலந்த தண்ணீர்.

புளூடூத் அலை ஒரு நொடியில் சுமார் 240 கோடி முறை துடிக்கிறது. ஓர் அலையின் நீளம் 12½ செண்டிமீட்டர். சாண் அளவு கூட இல்லை.

இந்த அலைக்குத் தண்ணீர்தான் எதிரி. உப்புத் தண்ணீர் இதை விழுங்கிவிடும்.

2 செண்டிமீட்டர் கனமுள்ள தசையைக் கடப்பதற்குள் அலையின் சக்தியில் சுமார் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. அடுத்த 2 செண்டிமீட்டரில் அந்த மிச்சத்திலும் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். இப்படிக் குறைந்துகொண்டே போனால், இடுப்பின் முன்பக்கத்தில் இருந்து பின்பக்கத்துக்கு உடம்பைத் துளைத்துப் போவது நடக்காத காரியம்!

"அலையின் சக்தியைக் கூட்டினால் போகிறது" என்று தோன்றும். அது அவ்வளவு சுலபம் அல்ல. வில்லைக்குள் இருக்கும் பேட்டரி மிகச் சிறியது. பத்துப் பதினைந்து நாட்களுக்கு அது தாங்க வேண்டும். ஆகவே இப்படிப்பட்ட கருவிகள் சுமார் ஒரு மில்லிவாட் சக்தியில், கிசுகிசுப்பது போலத்தான் பேசுகின்றன.

பயப்பட வேண்டுமா?

"அலையை உடம்பு விழுங்குகிறது என்றால் உடம்புக்குக் கெடுதல் இல்லையா?" என்று சிலர் கேட்பார்கள்.

சமையல் அறையில் வைக்கும் 'மைக்ரோவேவ்' அடுப்பும் ஏறக்குறைய இதே அலையைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் அந்த அடுப்பின் சக்தி 1,000 வாட் வரை இருக்கும். ஒரு மில்லிவாட்டைப் போல அது பத்து லட்சம் மடங்கு! அதோடு, அடுப்பு தன் அலைகளை இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைக்கிறது. வில்லையின் கிசுகிசுப்பு உடம்பைச் சூடாக்காது.

கெடுதல் அலையால் வருவது இல்லை. அலை போய்ச் சேராததால் வருவது.

மலையும் கணவாயும்

உடம்பைத் துளைக்க முடியாது என்றால், மறுபக்கம் உள்ள டெலிபோனுக்குச் செய்தி எப்படிப் போகிறது?

இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, சுற்றிக்கொண்டு போவது. மேற்கே இருந்து வரும் மழைக் காற்றை மலை மறிக்கிறது. ஆனாலும் தென்காசியில் சாரல் விழுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று நுழைந்து வருகிறது அல்லவா? அதுபோல அலையும் உடம்பின் ஓரமாக, தோலைத் தழுவியபடி ஊர்ந்து மறுபக்கம் வருகிறது. வரும் வழியிலேயே மிகவும் இளைத்துப் போகிறது.

மற்றொன்று, எதிரொலி. வீட்டுச் சுவரிலும் கூரையிலும் பீரோவிலும் அலை மோதித் திரும்புகிறது. திரும்பிய அலை டெலிபோனை அடைகிறது.

இதில் ஒரு விந்தை உண்டு. சுவர்கள் சூழ்ந்த வீட்டுக்குள் ஒழுங்காக வேலை செய்யும் கருவி, ஒரு தடையும் இல்லாத வெட்டவெளியில் தடுமாறுகிறது! வெளியில் எதிரொலிக்கச் சுவர் இல்லை. ஊர்ந்து வரும் அலை ஒன்றுதான் கதி.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். புளூடூத் இயர்போனை ஒரு காதில் மாட்டிக்கொள்ளுங்கள். டெலிபோனை அதற்கு எதிர்ப்புறம் உள்ள பின் பாக்கெட்டில் வையுங்கள். முதலில் வீட்டுக்குள் நடந்து பாருங்கள். பிறகு வயல் வரப்பிலோ மைதானத்திலோ நடந்து பாருங்கள். வெளியில் பாட்டு விட்டு விட்டு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். டெலிபோனைக் கையில் எடுத்துக் காதுக்கு அருகே கொண்டு வந்தால் பாட்டு சீராகிவிடும்.

நடந்தால் ஒரு நிலை, படுத்தால் ஒரு நிலை

மேசையும் நாற்காலியும் வைத்த இடத்தில் இருக்கும். மனித உடம்பு அப்படி இருக்காது.

நடக்கும்போது கை முன்னும் பின்னும் வீசுகிறது. கை முன்னால் வரும்போது வில்லைக்கும் டெலிபோனுக்கும் நேர்வழி கிடைக்கலாம். பின்னால் போகும்போது உடம்பு மறிக்கலாம். ஒவ்வொரு அடிக்கும் அலை ஏறி இறங்குகிறது. குனிந்தால் ஒரு மாதிரி, உட்கார்ந்தால் ஒரு மாதிரி.

நடப்பவரைப் பற்றிக் கூட அவ்வளவு கவலை இல்லை. ஒரு வீச்சில் தவறிய செய்தி அடுத்த வீச்சில் போய்விடும். கருவியும் சளைக்காமல் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. ஒரே தடத்தில் பேசாமல் பல தடங்களில் தாவித் தாவிப் பேசுகிறது.

கவலை எல்லாம் அசையாமல் தூங்குபவரைப் பற்றித்தான்! வில்லை ஒட்டிய கையைக் கீழே போட்டு ஒருக்களித்துப் படுத்தால், அந்தப் பக்கம் முழுவதும் உடம்பால் மூடப்படுகிறது. புரண்டு படுக்கும் வரை செய்தி நின்றே போகலாம்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. வில்லையின் மேல் உடம்பின் பாரம் அழுத்தினால், சர்க்கரை சரியாக இருக்கும்போதே 'இறங்கிவிட்டது' என்று அது பொய்க் கணக்குக் காட்டக்கூடும். இது டாக்டர்கள் அறிந்த குறைதான்.

குற்றாலத்தில் என்ன நடக்கும்?

இப்போது அருவிக்கு வருவோம்.

ஒருவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். கையில் வில்லை இருக்கிறது. சீசனுக்குக் குற்றாலம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் எண்ணெய் மசாஜ். எண்ணெய் பட்டால் வில்லையின் பசை இளகும். பசை இளகிய பிறகு அருவியின் அடி விழுந்தால் வில்லையே கழன்று போகலாம்.

அடுத்தது டெலிபோன். அதை அருவிக்குள் யாரும் கொண்டு போவது இல்லை. காரிலோ, லாட்ஜ் அறையிலோ, கரையில் நிற்கும் உறவினர் கையிலோ இருக்கும். வில்லையின் செய்தி எட்டக்கூடிய தூரம் ரகத்துக்குத் தக்கபடி 6 முதல் 10 மீட்டர் வரைதான். அதுவும் நடுவில் தடை இல்லாமல் இருந்தால்!

அருவியிலோ தடைக்குக் குறைவே இல்லை. தலைக்கு மேல் கொட்டும் தண்ணீர் ஒரு திரை. சுற்றி நிற்கும் ஒவ்வொரு ஆளும் ஒரு தண்ணீர்க் குடம். கூட்டத்தின் நடுவே நிற்பவரைச் சுற்றி எத்தனை தண்ணீர்க் குடங்கள்!

பேரருவியில் ஆண்களும் பெண்களும் தனித்தனி இடங்களில் குளிக்கிறார்கள். சர்க்கரை வியாதி உள்ள சிறுவன் ஆண்கள் பக்கம் நிற்கிறான். டெலிபோன் அம்மாவின் கைப்பையில் பெண்கள் பக்கம் இருக்கிறது. அலாரம் அடிக்குமா? அடிக்காது. செய்தியே வந்து சேரவில்லையே!

குளிரா? குறைவா?

இங்கேதான் ஆபத்து இருக்கிறது.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சில வகை மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும், வேளைக்குச் சாப்பிடாமல் வெகு நேரம் நடந்தோ தண்ணீரில் விளையாடியோ களைத்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கக்கூடும். 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் கவனிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் மயக்கம் வரலாம்.

அதற்கு அடையாளங்கள் என்ன? வேர்க்கும். கை நடுங்கும். பசிக்கும். பேச்சுக் குழறும்.

அருவியில் நிற்பவருக்கு வேர்த்தால் யாருக்குத் தெரியும்? நடுங்கினால், "குளிரில் நடுங்குகிறார்" என்றுதான் பக்கத்தில் இருப்பவர் நினைப்பார். அவரே கூட அப்படித்தான் நினைப்பார். பசித்தால், "குளித்தால் பசிக்கத்தானே செய்யும்" என்று சொல்வார்கள்.

உடம்பு கொடுக்கும் எச்சரிக்கையை அருவி மறைக்கிறது. கருவி கொடுக்கும் எச்சரிக்கையை உடம்பும் தண்ணீரும் மறைக்கின்றன. இரண்டு காவலர்களும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்!

கரைக்குத் திரும்பியதும் விட்டுப்போன கணக்கை வில்லை டெலிபோனுக்குக் கொடுத்துவிடும். சில ரகங்கள் சில மணி நேரக் கணக்கையும், சில ரகங்கள் அதற்கும் அதிகமான கணக்கையும் சேமித்து வைக்கின்றன. டாக்டருக்கு அந்தக் கணக்கு உதவும். ஆனால் நடந்து முடிந்ததைச் சொல்வது கணக்கு. நடக்கும்போதே சொன்னால்தான் அது எச்சரிக்கை.

விஞ்ஞானிகள் என்ன செய்கிறார்கள்?

கம்பியில்லா அலையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. 1895-ம் ஆண்டில் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளைக் கொண்டு, தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தை வெடிக்கச் செய்தார். பார்த்தவர்கள் அசந்து போனார்கள்.

அன்று அலையைத் தொலைவுக்கு அனுப்புவது சாதனை. இன்று அதை ஓர் உடம்பைச் சுற்றி அனுப்புவதே சாதனையாக இருக்கிறது!

இதற்குப் பல வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நீளமான அலையைப் பயன்படுத்துவது ஒரு வழி. தென்காசி ரத வீதியில் சாமி ஊர்வலம் மூலை திரும்பிப் போன பிறகும் தவில் சத்தம் நம் காதில் விழுகிறது. கனத்த சத்தத்தின் அலை நீளமானது. அதனால் நன்றாக வளைந்து வரும். ரேடியோவிலும் நீளமான அலை தடைகளைச் சுற்றி வளையும். உடம்புக்குள்ளும் அதிக ஆழம் போகும். ஆகவே, உடம்புக்குள் வைத்துத் தைக்கும் மருத்துவக் கருவிகளுக்குப் பல நாடுகளில் சுமார் 75 செண்டிமீட்டர் நீளமுள்ள அலைகளை ஒதுக்கியிருக்கிறார்கள்.

காது கேட்கும் கருவிகளில் வேறு வழி. இரண்டு காதுக்கும் நடுவே தலை மறிக்கிறது. சில ரகங்களில் ரேடியோ அலைக்குப் பதில் காந்த சக்தியால் ஒரு காதுக் கருவி மற்றதோடு பேசுகிறது. காந்த சக்தியைத் தண்ணீர் மறிப்பது இல்லை.

உடம்பையே கம்பியாக மாற்றினால் என்ன? அமெரிக்காவில் தாமஸ் சிம்மர்மன் என்ற ஆராய்ச்சியாளர் அதையும் செய்து பார்த்தார். 1996-ம் ஆண்டில், இரண்டு பேர் கை குலுக்கினால் ஒருவருடைய பெயரும் விலாசமும் மற்றவருடைய கருவிக்குப் போகும்படி செய்து காட்டினார்கள். நம் உணர்வுக்கே எட்டாத மிகச் சிறிய மின்சாரம் உடம்பின் வழியே செய்தியைக் கொண்டுபோயிற்று!

ஐ.ஈ.ஈ.ஈ. என்ற உலக எஞ்சினீயர்கள் சங்கம் 2012-ம் ஆண்டில் உடம்பில் அணியும் கருவிகளுக்கு என்றே தனி விதிமுறை வகுத்தது. உடம்பின் வழியே செய்தி அனுப்பும் முறைக்கும் அதில் இடம் உண்டு. முதுகில் உள்ள கருவி நேரே பேச முடியாவிட்டால், இடுப்பில் உள்ள இன்னொரு கருவி வாங்கிக் கொடுக்கும் அஞ்சல் முறையும் உண்டு.

ஆனால் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் புளூடூத் கருவிகள்தான். ஏன்? எல்லா டெலிபோனிலும் புளூடூத் இருக்கிறது. புது முறைக்குப் புது டெலிபோன் வேண்டும். உடம்புக்கு ஏற்ற முறை ஒன்று. வியாபாரத்துக்கு ஏற்ற முறை வேறு ஒன்று. இப்போது வியாபாரம் ஜெயித்திருக்கிறது.

அமெரிக்காவின் எச்சரிக்கை

அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எப்.டி.ஏ. என்ற அரசு அமைப்பு, 2025-ம் ஆண்டு பிப்ரவரியில் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை விட்டது. டெலிபோனோடு சேர்ந்த கருவிகளின் அலாரம் சிலருக்குக் கேட்காமல் போயிருக்கிறது என்று அது கூறியது. டெலிபோனைத் தூங்கும் நிலையில் வைப்பது, அதன் மென்பொருளைப் புதுப்பிப்பது, புதிய இயர்போனை இணைப்பது ஆகியவற்றால் கூட அலாரம் நின்றுபோகலாம் என்று விளக்கியது. மாதம் ஒரு முறையாவது அலாரத்தைச் சரி பார்க்கும்படி யோசனை சொன்னது.

அதே அமைப்பு 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் இன்னொன்றும் சொன்னது. தோலுக்குள் ஒன்றும் நுழைக்காமல் தானாகவே சர்க்கரை அளவைக் காட்டுவதாகச் சொல்லும் கடிகாரத்தையும் மோதிரத்தையும் நம்ப வேண்டாம். அப்படி எதையும் தாங்கள் அங்கீகரிக்கவில்லை என்றது.

நம் நாட்டிலும் இந்தக் கருவிகள் விற்பனையாகின்றன. டெலிபோனிலேயே விளம்பரம் வருகிறது. ஆனால் உபயோகிக்கும் முறையைப் பொடி எழுத்து ஆங்கிலத்தில் அச்சிட்டால், கிராமத்தில் உள்ள பாட்டிக்கு என்ன பயன்? "குளிக்கும்போதும் கூட்டத்தில் நிற்கும்போதும் அலாரம் வராமல் போகலாம்" என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில், தமிழில் போட வேண்டும். இது பெரிய செலவு அல்ல.

தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களின் வீடு தேடி ஊழியர்கள் போகிறார்கள். கருவி வைத்திருப்போருக்கு இந்த விவரத்தையும் அவர்கள் நாலு வார்த்தையில் சொல்லிக் கொடுத்தால் நல்லது.

வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியவை

1. வில்லை எந்தக் கையில் இருக்கிறதோ, அதே பக்கத்தில் டெலிபோனை வையுங்கள். பின் பாக்கெட் வேண்டாம்.

2. இரவில், வில்லை உள்ள கை மேலே இருக்கும்படி படுப்பது நல்லது. டெலிபோனை அந்தப் பக்கமாகக் கைக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள்.

3. அருவிக்குப் போகும் முன் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். எவ்வளவு இருந்தால் இறங்கலாம் என்பதை உங்கள் டாக்டரிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

4. வில்லையின் மேலும் அதைச் சுற்றியும் எண்ணெய் தேய்க்காதீர்கள்.

5. வெகு நேரம் அருவியிலேயே நிற்காதீர்கள். நடுவில் கரைக்கு வந்து டெலிபோனைப் பாருங்கள். கடைசியாகக் கணக்கு வந்தது எத்தனை மணிக்கு என்பதையும் பாருங்கள். பழைய கணக்கை இப்போதைய கணக்கு என்று நினைக்காதீர்கள்.

6. தனியாகப் போகாதீர்கள். விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நடுக்கம் கண்டால் குளிர் என்று விட்டுவிடாமல் கரைக்கு அழைத்து வாருங்கள். சந்தேகம் இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள்.

7. சர்க்கரை குறைந்திருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

இந்தக் கருவி பல குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். நள்ளிரவில் அலாரம் அடித்துத் தாய் தகப்பனை எழுப்புகிறது. அதை வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். அலாரம் அடித்தால், சர்க்கரை இறங்கியிருக்கக்கூடும். அலாரம் அடிக்கவில்லை என்றால், சர்க்கரை சரியாக இருக்கலாம். செய்தி வராமலும் இருக்கலாம். இரண்டில் எது என்பதை ஆள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.